முப்பத்திரண்டு குரலுக்கு ஒரு குழவி: பெங்களூரில் இரண்டு நாள்

போன நவம்பரில் ஒரு வெள்ளிக்கிழமை பெங்களூர் கிளம்பினேன். லால்பாக், கப்பன் பார்க் பற்றிய கட்டுரை என்று நினைத்து வந்தவர்கள் மன்னிக்கவும். இந்த முறை இரண்டையும் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. என் தங்கை வசந்தா ஒரு கொயரில் பாடுகிறாள். பதினோரு வருடமாக இரண்டாவது வரிசையில் நின்று கூட்டத்தோடு பாடிக்கொண்டிருந்தவளுக்கு முதல் முறையாகத் தனிக்குரல் கிடைத்திருந்தது. சனிக்கிழமைக் கச்சேரியில் உலகத்துத் தாலாட்டுகளும் நாட்டுப்பாடல்களுமாகப் பதினான்கு பாட்டு. அதில் ஒன்றே ஒன்று தமிழ். அதைத் தனியாக எடுத்துப் பாடுவது இவள். "நீ வரலைன்னா நான் மேடையே ஏறமாட்டேன்க்கா" என்று போனில் மிரட்டினாள். வங்கியிலிருந்து ஓய்வு பெற்றவளுக்கு யாரிடம் லீவு கேட்க வேண்டும்? கிளம்பிவிட்டேன்.

ஜோலார்பேட்டையில் ரயில் காலை பத்து இருபதுக்கு. முன்பதிவு இருக்கை தொண்ணூறு ரூபாய்க்குள் முடிந்துவிடும். கிட்டத்தட்ட நூற்று நாற்பது கிலோமீட்டர். பன்னிரண்டே முக்காலுக்குக் கன்டோன்மென்டில் இறங்கினேன். கிழக்குப் பக்கம் போகிறவர்கள் கடைசி ஸ்டேஷன் வரை போகாமல் இங்கேயே இறங்குவது நல்லது, அரை மணி நேரம் மிச்சம். வாசலில் நிற்கும் ஆட்டோக்காரர் நீலசந்திராவுக்கு முந்நூறு கேட்டார். பத்தடி தள்ளி நின்று போனில் கூப்பிட்டேன், நூற்று நாற்பதுக்கு வந்தது. வந்தவர் அதே ஆள்தான். இருவருமே கொஞ்சம் அசடு வழிந்துவிட்டு ஏறி உட்கார்ந்தோம்.

வசந்தா நீலசந்திராவில் வீட்டு முன்னறையிலேயே தையல் கடை வைத்திருக்கிறாள். கொயரில் அவள் சேர்ந்த கதையே தனி. பிரேசர் டவுனில் கொயர் பெண்களுக்கு ரவிக்கை தைக்க அளவெடுக்கப் போனவள், டேப்பைக் கழுத்தில் போட்டுக்கொண்டு அவர்களோடு சேர்ந்து முணுமுணுத்திருக்கிறாள். அதைக் காதில் வாங்கிய கொயர் தலைவர் ஜெயசீலன் மாஸ்டர், "ரவிக்கை அப்புறம், நீங்க இப்பிடி வந்து நில்லுங்க" என்று வரிசையில் நிறுத்திவிட்டார். அன்றிலிருந்து சனிக்கிழமை மத்தியானம் கடை மூடல்.

இங்கே இன்னொருத்தியைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். வசந்தாவின் ஒரே மகள் கவிதா, தொம்மலூரில் கணவனோடு இருக்கிறாள், ஐடி வேலை. நாலு வருடத்தில் இரண்டு முறை வயிற்றில் தங்கி, இரண்டு முறையும் தங்காமல் போனது. இப்போது ஏழாம் மாதம். ஆனால் அதைப் பற்றி யாரும் வாயைத் திறக்கக் கூடாது. வளைகாப்பு வேண்டாம், பேர் யோசிக்க வேண்டாம், ஒரு கைக்குட்டை அளவு துணிகூட முன்னாலேயே வாங்க வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். அம்மா ஒரு தடவை "பாப்பாவுக்கு" என்று ஆரம்பித்ததற்குத் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போனாளாம். "அவகிட்ட மட்டும் ஒன்னும் பேசிடாதக்கா" என்று என் பெட்டியை இறக்கி வைக்கும் முன்பே வசந்தா கையைப் பிடித்துக்கொண்டாள். எனக்கு நாக்கு கொஞ்சம் நீளம் என்பது அவளுக்குத் தெரியும்.

மூன்று மணிக்குப் பிரேசர் டவுனில் ஒரு பள்ளிக்கூட ஹாலில் கடைசி ஒத்திகை. முப்பத்திரண்டு பேர் அரைவட்டமாக நின்றார்கள். தமிழ், கன்னடம், கொங்கணி, மலையாளம் என்று எல்லா வீட்டுக்காரர்களும் உண்டு. ஜப்பான் மொழி சொல்லிக்கொடுக்கும் ஒரு ஜப்பானியப் பெண்ணும் இருந்தார். பாட்டுகளுக்கு அர்த்தம் எழுதிய தாளை என்னிடம் கொடுத்தார்கள். படித்ததில் ஒன்று தெரிந்தது: உலகம் முழுக்கக் குழந்தையைப் பயமுறுத்தித்தான் தூங்க வைக்கிறார்கள். ஒரு நாட்டில் ஓநாய் வருகிறது, ஒரு நாட்டில் அப்பா கடலுக்குப் போய் இன்னும் திரும்பவில்லை, இன்னொன்றில் குழந்தையைப் பார்த்துக்கொள்ளும் சின்னப் பெண் தன் வீட்டுக்கு எப்போது போவோம் என்று அழுகிறாள். நடுவில் துடுப்புப் பாட்டு, நாற்று நடும் பாட்டு எல்லாம் வந்து மனசைத் தேற்றுகின்றன.

இந்தக் கச்சேரியில் மாஸ்டர் ஒரு புதுமை வைத்திருந்தார். பொதுவாக கொயர் என்றால் முன்னால் ஒருவர் நின்று கையை வீசித் தாளம் காட்டுவார். "தாலாட்டு பாடுற இடத்துல ஒருத்தன் நின்னு கைய வீசிட்டிருந்தா கொழந்த எப்டிம்மா தூங்கும்?" என்பது அவர் கட்சி. அதனால் மேடை நடுவில் இரும்புச் சட்டத்தில் ஒரு புடவைத் தொட்டில். வரிசையில் ஒருவர் அதை ஆட்டுவார், முப்பத்திரண்டு பேரும் அதன் ஆட்டத்தைப் பார்த்தே தாளம் பிடிக்க வேண்டும். ஆறு வாரமாக ஒத்திகை அறையில் மின்விசிறிக் கொக்கியில் ஒரு துணிப்பையைக் கட்டி, அதில் மூன்று கிலோ அரிசி போட்டு ஆட்டிப் பழகியிருக்கிறார்கள். பை அருமையாக ஆடியதாம். அன்றுதான் முதல் முறையாக நிஜத் தொட்டில் வந்திருந்தது.

தொட்டில் ஆடவில்லை, படபடத்தது. விசிறிக் காற்றுக்கு ஒரு பக்கம் உப்பி, திரும்பி வரும்போது மடங்கி, ஜப்பானியப் பாட்டின் நடுவில் பாதியிலேயே நின்றுவிட்டது. அதைப் பார்த்துப் பாடியவர்கள் நாலு கோஷ்டியாகப் பிரிந்தார்கள். மாஸ்டர் ஆட்டியவர்மேல் எரிந்து விழுந்தார். நான் பின் வரிசையில் உட்கார்ந்து வசந்தாவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் தொட்டில் பக்கமே திரும்பவில்லை. தன் பாட்டு வந்ததும் கண்ணை இறுக மூடிக்கொண்டு மூன்று வரி பாடினாள், அப்புறம் தொண்டையைப் பிடித்துக்கொண்டு, "சாரி சார், இன்னிக்கு வரல" என்று பின்னால் போய் நின்றுவிட்டாள்.

திரும்பும்போது சிவாஜிநகரில் மாறி இரண்டு பஸ். வசந்தாவிடம் கர்நாடக அடையாள அட்டை இருப்பதால் இலவசம், எனக்கு மொத்தம் நாற்பத்தெட்டு ரூபாய். இரண்டாவது பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்ததும் சொன்னாள்.

"அக்கா, நாளைக்கு நான் பாடல."

"தொண்டைக்கு வெந்நீர் குடி. சரியாயிடும்."

"தொண்டைக்கு ஒன்னும் இல்ல. வெறும் தொட்டில் ஆட்டுறாங்கக்கா. வெறும் தொட்டில ஆட்டக்கூடாதுன்னு நமக்குத் தெரியாதா? இங்க எம்பொண்ணு வயித்துல வெச்சுக்கிட்டு இருக்கா. நான் போய் அந்தக் காலித் தொட்டில் முன்னாடி நின்னு ஆராரோ பாடணுமா?"

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "பதினோரு வருஷம் காத்திருந்தது இதுக்குத்தானா? நீயும் உன் மூடநம்பிக்கையும்" என்று பஸ்ஸிலேயே கத்திவிட்டேன். அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு, "ரெண்டு தடவ பாத்துட்டேன்க்கா. மூணாவது தடவ எதையும் விட்டுவெக்க எனக்குத் தைரியம் இல்ல" என்றாள். திட்டியதற்காக இப்போதும் வெட்கமாக இருக்கிறது.

சனிக்கிழமை காலை எட்டரைக்கு, பால் வாங்கி வருகிறேன் என்று பொய் சொல்லிவிட்டு நேராகப் பிரேசர் டவுனில் மாஸ்டர் வீட்டுக்குப் போனேன். ஆட்டோ நூற்றைம்பது. அங்கே ஷைலஜா என்ற கன்னடக்காரப் பெண்மணி பாட்டுத் தாள்களை அடுக்கிக்கொண்டிருந்தார். நேற்று தொட்டிலை ஆட்டித் திட்டு வாங்கியவர் அவர்தான். விஷயத்தைச் சொன்னதும் மாஸ்டர் நெற்றியில் கை வைத்துக்கொண்டார்.

"அய்யோ, எங்கம்மாவே சொல்லுவாங்கம்மா, காலித் தொட்டில ஆட்டாதடான்னு. எனக்கு எப்டி மறந்துச்சு? ஆனா சாயங்காலம் அஞ்சு மணிக்கு ஜனங்க வர்றாங்க. இப்ப தொட்டில எடுத்துட்டு நான் போய் நின்னு கைய ஆட்டுனா எல்லாரும் கன்ஃப்யூஸ் ஆயிடுவாங்க. ஒரு பொம்மை வாங்கிப் போட்டுடலாமா?"

"பொம்மை பேடா சார்" என்றார் ஷைலஜா. "நம்ம மனேலி குண்டப்பன்ன மலகிஸ்தாரெ. உங்க ஆளுங்களும் செய்வாங்களே?"

பொம்மை வேண்டாம், எங்கள் வீடுகளில் குண்டப்பனைத்தான் படுக்க வைப்பார்கள் என்கிறார். குண்டப்பன் என்றால் அரைக்கும் கல். குழந்தையை முதன்முதலாகத் தொட்டிலில் போடுவதற்கு முன்னால் குழவிக் கல்லைக் குளிப்பாட்டித் துணி சுற்றித் தொட்டிலில் கிடத்தி ஆட்டுவார்கள், குழந்தையும் கல் மாதிரி கெட்டியாக நிலைக்க வேண்டும் என்று. எங்கள் வீட்டிலும் செய்ததுதான். கன்னட வீடுகளில் அதற்கு ஒரு செல்லப்பெயரே இருக்கிறது. மாஸ்டர் சட்டென்று நிமிர்ந்தார். அரிசிப் பை ஏன் நன்றாக ஆடியது, புடவை ஏன் படபடத்தது என்று அப்போதுதான் அவருக்கு உறைத்திருக்கிறது. "வெயிட்டு! வெயிட்டு இல்லாமத்தான் ஆடல!" என்று கூவிவிட்டு ஷைலஜாவிடம் மன்னிப்பும் கேட்டார்.

வசந்தாவுக்குப் போன் போட்டேன். விவரம் எல்லாம் கேட்டுக்கொண்டாள். அப்புறம், "குழவின்னா சரிக்கா. ஆனா ஒடஞ்சது ஆகாது" என்றாள். பால் எங்கே என்று கேட்கவில்லை.

அன்பர்களே, இன்றைய பெங்களூரில் ஒரு அம்மிக் குழவி தேடிப் பாருங்கள். மாஸ்டர் வீட்டில் மிக்ஸி. ஷைலஜா வீட்டில் கிரைண்டர். மாடி வீட்டில் கேட்டோம், அந்த அம்மா அலமாரியைத் திறந்து கைக்கு அடக்கமான இஞ்சி இடிக்கும் கல் ஒன்றைக் காட்டினார். அதைத் தொட்டிலில் போட்டால் எலிக்குஞ்சு மாதிரி இருக்கும். பத்தேகாலுக்கு ஷைலஜாவும் நானும் சிவாஜிநகர் மார்க்கெட் போனோம். கல் சாமான் விற்கிறவர் செட்டாகத்தான் தருவாராம், அதுவும் சொல்லி வைத்தால் மூன்று நாள். ஷைலஜா ஹாலை ஒழுங்கு செய்யப் போய்விட்டார். நான் நீலசந்திராவுக்கு வந்து வசந்தாவின் தெருவில் ஆறு வீட்டுக் கதவைத் தட்டினேன். ஒரு வீட்டில் அம்மி இருந்தது, அதன்மேல் துணி துவைக்கிறார்கள். குழவி? கேஸ் சிலிண்டருக்கு முட்டுக் கொடுத்திருந்தார்கள், அதுவும் பாதிதான். ஒரு மணி ஆகிவிட்டது.

கவிதாவை அழைத்துவர நான் தொம்மலூர் போவதாக ஏற்பாடு. ஆட்டோவில் ஏறி, அடக்கமாட்டாமல் டிரைவரிடமே கேட்டுவிட்டேன்.

"ஏம்ப்பா, இந்த ஊர்ல அம்மியில அரைக்கிறவங்க யாராவது இருக்காங்களா?"

"ஏன் இல்ல, ராஜண்ணன் இருக்காரே! தொம்மலூர்ல பஜ்ஜி வண்டி. மிக்ஸி சட்னின்னா அவருக்குக் கோவம் வந்துடும் மேடம். சல்தி போனா புடிச்சிடலாம், ரெண்டு மணிக்குள்ள அரைக்க ஒக்காந்துடுவாரு."

நீலசந்திராவிலிருந்து ஐந்து கிலோமீட்டர், நூற்றிருபது ரூபாய், வாரக் கடைசி நெரிசலில் முப்பத்தைந்து நிமிடம். பெரிய பெரிய அலுவலகக் கட்டடங்களுக்குப் பின்னால் சட்டென்று ஒடுங்கும் பழைய தெருக்களில் ஒன்றில், வீட்டு வாசலில் ராஜண்ணன் மிளகாயும் பூண்டுமாக உட்கார்ந்திருந்தார். ஐம்பது வயது இருக்கும். கையில் நான் தேடிய சாமான், ஒரு முழத்துக்குக் கொஞ்சம் குறைவாக, கருகருவென்று.

"கொயருக்கா? சர்ச்சுல பாடுவாங்களே, அதுவா?" என்று சந்தேகமாகக் கேட்டார். எல்லாவற்றையும் சொன்னேன். தங்கை, காலித் தொட்டில், மகள், இரண்டு முறை போனது, எல்லாம். அவர் அரைப்பதை நிறுத்தி, குழவியை ஒரு தடவை தடவிப் பார்த்தார்.

"குடுக்கறேன்மா. மீதிய அர மணி நேரத்துல அரைச்சிட்டுத் தரேன். ஆனா ஏழு மணிக்கு எனக்குக் கூட்டம் வரும், சட்னி தீந்தா மறுபடி அரைக்கணும். ஏழுக்குள்ள கொண்டாந்துடுவீங்களா?"

சத்தியம் செய்தேன். தன் மகளிடம் சொல்லிப் பத்துத் தடவை கழுவ வைத்துத் தந்தார். அப்படியும் பூண்டு வாசனை போகவில்லை.

கல்லை ஒரு பையில் போட்டுக்கொண்டு இரண்டு தெரு தள்ளி கவிதா வீட்டுக்குப் போனேன். ஆட்டோவில் பை எங்களுக்கு நடுவில். முதல் திருப்பத்திலேயே உருண்டு வந்து அவள் இடுப்பில் இடித்தது.

"என்ன பெரியம்மா இது? இவ்ளோ கனமா? பூண்டு வாசன வேற."

எதையாவது சொல்லிச் சமாளித்திருக்கலாம். "கொயருக்கு ஒரு சாமான்" என்று ஆரம்பித்தேன். அவள் பையைத் திறந்தே பார்த்துவிட்டாள். அப்புறம் மறைத்து என்ன பிரயோஜனம்? உங்க அம்மா பாட மாட்டேன் என்று சொல்லிவிட்டாள், காரணம் இது, என்று உடைத்துச் சொல்லிவிட்டேன். கவிதா பையை மூடி மடியோரம் இழுத்துக்கொண்டாள். அல்சூர் தாண்டினோம். பிரேசர் டவுனும் வந்தது. ஒவ்வொரு திருப்பத்திலும் கல் உருளாமல் அவள் கை அதன்மேல் இருந்தது.

நாலு மணிக்கு மேடைக்குப் பின்னால் ஷைலஜா கல்லை வாங்கி, மஞ்சள் தடவி, ஒரு வெள்ளைத் துவாலையில் சுற்றினார். பெண்கள் எல்லாரும் ஆளாளுக்கு ஒரு முறை வாங்கிக் கொஞ்சினார்கள். ஜப்பானியப் பெண் இரண்டு கையாலும் வாங்கித் தலை குனிந்தார். யாரோ குல்லா கொண்டுவந்தார்கள். வசந்தா கடைசியாக வாங்கித் தொட்டிலில் கிடத்தி ஒரு தள்ளு தள்ளினாள். தொட்டில் ஒழுங்காக, ஒரே சீராகப் போய்ப் போய் வந்தது. மாஸ்டர் முகத்தைப் பார்க்க வேண்டுமே!

ஐந்து மணிக்கு ஆரம்பம், இலவச நுழைவு, இருநூறு பேர் இருப்பார்கள். கைக்குழந்தைகளோடு வந்தவர்கள் நிறைய. கடைசிப் பாட்டு வரை கைதட்ட வேண்டாம் என்று மாஸ்டர் கேட்டுக்கொண்டு, முதல் வரிசையில் என் பக்கத்திலேயே வந்து உட்கார்ந்துவிட்டார். மேடையில் தொட்டில் ஆடியது, முப்பத்திரண்டு பேரும் அதைப் பார்த்தே பாடினார்கள். ஓநாய் வந்தது, கடலுக்குப் போன அப்பா வந்தார், நாலாவது பாட்டுக்குள் எனக்குப் பின்னால் இரண்டு குழந்தைகள் தூங்கிவிட்டன.

ஆறாவது வசந்தா. இந்த முறை கண்ணை மூடவில்லை, தொட்டிலைப் பார்த்தே பாடினாள். தாலாட்டில் தனியாகப் பாடுகிறவர் தன் சொந்த வரி இரண்டு சேர்த்துக்கொள்ளலாம் என்று மாஸ்டர் அனுமதி கொடுத்திருந்தார். என்ன வரி என்று எங்கள் யாருக்கும் தெரியாது.

"சந்தையிலே துணியெடுத்தா சாமி கண்ணு பட்டுடும்னு
வானத்திலே துணி கிழிச்சு வாய்க்குள்ளே தச்சு வெச்சேன்"

தையல்காரியின் பாட்டு. ஒரு துண்டுத் துணி வாங்கக் கூடாது என்று சொன்ன மகளுக்கு, துணி வாங்காமலேயே தைத்து வைத்திருந்தாள். மற்ற முப்பத்தியொரு பேரும் ஆராரோ என்று அடியில் சேர்ந்துகொண்டபோது நான் வெளிப்படையாகவே அழுதேன். மாஸ்டர் தன் கைக்குட்டையை நீட்டினார். இந்தப் பக்கம் கவிதா அழவில்லை. நிமிர்ந்து உட்கார்ந்து, ஒரு கையை வயிற்றின்மேல் வைத்துக்கொண்டு கேட்டாள். வீட்டில் இத்தனை மாதத்தில் ஒருவர் முன்னாலும் அவள் அப்படிக் கை வைத்ததில்லை என்று பிறகு வசந்தா சொன்னாள்.

ஆறேகாலுக்கு முடிந்தது. சேர்த்து வைத்திருந்த கைதட்டலை எல்லாம் ஜனங்கள் ஒரேயடியாகக் கொட்ட, தூங்கிய குழந்தைகள் அத்தனையும் எழுந்து அலறின. ஏழு மணிக் கெடு இருந்ததால் வசந்தாவைக் கட்டிப்பிடிக்கக்கூட நேரமில்லை. கல்லை எடுத்துக்கொண்டு கவிதாவும் நானும் ஆட்டோவில் ஓடினோம். ஆறு ஐம்பத்தைந்துக்குத் தொம்மலூர். நான் டிரைவருக்குச் சில்லறை தேடிக்கொண்டிருக்கும்போதே கவிதா பையோடு இறங்கிப் போய் ராஜண்ணனிடம் ஏதோ பேசிக்கொண்டிருந்தாள். வண்டியைச் சுற்றி ஏற்கெனவே பத்துப் பேர்.

இனி, போக நினைப்பவர்களுக்கு. இம்மாதிரி கொயர் நிகழ்ச்சிகள் நவம்பர், டிசம்பரில் பிரேசர் டவுன் பக்கம் அடிக்கடி நடக்கும். பள்ளிக்கூட, சர்ச் வாசல் அறிவிப்புப் பலகைகளைப் பாருங்கள். பெரும்பாலும் இலவசம், அரை மணி முன்னால் போனால் இடம் கிடைக்கும். ஸ்வெட்டர் அவசியம். குழந்தையை அழைத்துப் போகலாம், ஆனால் கடைசிப் பாட்டுக்கு முன்னால் வெளியே தூக்கி வந்துவிடுங்கள். ஞாயிறு மத்தியானம் கன்டோன்மென்டிலிருந்து ஜோலார்பேட்டைக்கு ரயில்கள் உண்டு, முன்பதிவு செய்யாமல் ஏறாதீர்கள், நான் திருப்பத்தூர்க்காரக் குடும்பம் ஒன்றின் மூட்டைமேல் உட்கார்ந்து வந்தேன். இரண்டு நாளுக்குப் போக்குவரத்து, சாப்பாடு எல்லாம் சேர்த்து ஆயிரத்து நானூறு ரூபாய் ஆனது, தங்கை வீட்டில் தங்கியதால்.

தொம்மலூர் போனால் ராஜண்ணன் வண்டியை விட்டுவிடாதீர்கள். மிளகாய் பஜ்ஜி நாலு முப்பது ரூபாய், அந்தச் சிவப்புச் சட்னிக்காகவே இரண்டு தட்டு சாப்பிடலாம். பிப்ரவரி இரண்டாம் வாரத்தில் மட்டும் ஒருநாள் சட்னி இருக்காது. அன்றைக்குக் குழவி வேண்டும் என்று கவிதா அவரிடம் சொல்லி வைத்திருக்கிறாள்.